செல்லோவுக்கு விழுந்த மாலைகள்

போஸ்டரில் நான் 'கதீட்ரல்' என்று போட்டிருந்தேன். ஃபாதர் அதைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"கதீட்ரல்னா பிஷப் இருக்கணும்மா. இங்க நானும் புறாவும்தான் இருக்கோம்."

"பெங்களூர்ல இருந்து வர்றவங்களுக்கு அப்படிச் சொன்னாதான் ஃபாதர் ஒரு இது."

"பெங்களூர்ல இருந்து யாரு வர்றாங்க?"

"வாசிக்கிறவங்க, நாலு பேரு."

"கேக்கிறவங்க?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. என்னிடம் எப்போதும் பதில் இருக்கும், அதுதான் என் வியாதி. "ஊரே வரும் ஃபாதர்" என்றேன்.

சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் வீடுகளுக்கு மேலே, தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சைனைடு மண்மேட்டைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் கோயில் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் வெள்ளைக்காரர்கள் கட்டியது. ஊரில் அதற்குப் பெரிய கோயில் என்று பெயர். கூடப் படித்தவளின் கல்யாணத்துக்குப் போனபோதுதான் முதல்முறை உள்ளே நுழைந்தேன். நுழைந்ததும் தும்மினேன். அந்தத் தும்மல் கூரை வரை ஏறி, பலிபீடத்தைச் சுற்றிவிட்டு, சாவகாசமாகத் திரும்பி வந்தது. மணப்பெண்ணே திரும்பிப் பார்த்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, தும்மலால் அல்ல. இங்கே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு மேற்கத்திய இசைக் கச்சேரி நடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்ததால். கல்யாணப் பிரியாணி பரிமாறுவதற்குள் மனதில் கச்சேரியே நடந்து முடிந்து, நான் நன்றியுரையும் சொல்லிவிட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு ராத்திரி திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தி. மற்றவர்கள் ரயிலில் தூங்குவார்கள், சீட்டு ஆடுவார்கள், பஜனை பாடுவார்கள். நான் எதையாவது கற்றுக்கொண்டிருப்பேன். ஒரு வருஷம் ஜப்பானிய மொழி. ஒரு வருஷம் பறவைகள், அதில் ரயில் ஜன்னலிலிருந்து தெரியும் காக்கையையும் கொக்கையும் பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தேறினேன். அப்புறம் வீட்டிலேயே மாவைப் புளிக்கவைத்துச் செய்யும் ரொட்டி. அது அம்மாவின் இட்லி மாவோடு கலந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டும் கெட்டுப்போனதோடு முடிந்தது. அதற்குப் பிறகுதான் செல்லோ.

செல்லோ என்பது வயலினின் பெரியப்பா மாதிரி. முழங்காலுக்கு நடுவே நிறுத்திவைத்து வாசிப்பது, ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். பெங்களூரில் ஒரு மேடத்திடம் சனிக்கிழமைகளில் கற்றுக்கொண்டேன். பழகுவதற்கு ஒரு பழைய செல்லோவை அவரே கொடுத்திருந்தார். நான் வீட்டில் முதல்முறை வாசித்த அன்று, ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கும் எதிர்வீட்டு மாமா ஸ்பேனரோடு வந்து நின்றார்.

"கிரைண்டர்ல பேரிங் போயிருக்கு. ஆஃப் பண்ணுங்க முதல்ல."

எங்கள் வீடு ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கிறது. அப்பா பெரிய மண்வாரி இயந்திரங்கள் செய்யும் அந்த ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்தவர். அதனால் பெங்களூரில் நான் "கேஜிஎஃப்காரி, தங்கம் எடுத்த ஊரு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஊருக்குள் அப்படிச் சொன்னால் சுரங்க லைன்காரர்கள் "நீங்கோ ஃபேக்டரி ஆளுங்கோ" என்று ஒரே வரியில் கணக்கு முடித்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த சுரங்கம் ஸ்கூல் பிக்னிக்கில் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த ஷாஃப்ட், அதாவது சுரங்கக் குழியின் மேல் நிற்கும் கோபுரம் மட்டும்தான். இது பின்னால் முக்கியம்.

மேடத்தின் குழுவில் நான்கு பேர். இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றே பெரியதான வியோலா, மேடத்தின் செல்லோ. அவர்களுடைய கச்சேரியை நான் முதலில் கேட்டது ஒரு ஹோட்டல் மண்டபத்தில். சுற்றிலும் மெழுகுவர்த்திகள், எல்லாம் பேட்டரியில் எரிபவை. பக்கத்து மேஜையில் ஒருவர் போனில் வீட்டு மனை பேசிக்கொண்டிருந்தார். மெதுவான பகுதி ஒன்று மூச்சை அடக்கிக்கொண்டு முடியும் நேரத்தில் பின்னால் யாரோ "இன்னொரு பட்டர் நான்" என்றார்கள். வியோலா வாசிக்கும் உயரமான மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். அது ரசனை என்று நினைத்தேன். வலி என்று பிறகு தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை மேடம் பாடத்தை நடுவில் நிறுத்திவிட்டுச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. கன்னடமும் இங்கிலீஷும் கலந்து அவர் சொன்னதன் சாரம் இதுதான்: வியோலாக்காரர் விலகுகிறார், அவர் போனால் குழுவைக் கலைத்துவிடப்போகிறோம். "சாப்பிடுறவங்களுக்கு வாசிச்சு அலுத்துப்போச்சு. ஒரே ஒரு தடவை, சும்மா உட்கார்ந்து கேக்குற ஜனங்களுக்கு முன்னாடி வாசிச்சிருந்தா அவரு இருந்திருப்பாரு."

எனக்கு அது போதும். "எங்க ஊருக்கு வாங்க மேடம். கேப்பாங்க. ஊரே வந்து உட்கார்ந்து கேக்கும்."

அவர் என்னை நம்பினார். என்னோடு பழகி இரண்டு வருஷம்கூட ஆகாததால் நம்பினார்.

ஃபாதர் தாராளமானவர். வாடகை வேண்டாம், பலிபீடத்துக்குக் கிட்டே நெருப்பு வேண்டாம், வாளியில் மணல் வைத்துக்கொள், மற்றதைக் கோயில்பிள்ளையிடம் கேட்டுக்கொள் என்றார். கோயில்பிள்ளை என்றால் கோயிலைத் திறந்து, பெருக்கி, மணியடித்து, சாத்துகிறவர். அதிகம் பேசமாட்டார். கேட்டதைச் செய்வார்.

போஸ்டரை நானே கம்ப்யூட்டரில் செய்தேன். கறுப்புப் பின்னணியில் தங்க எழுத்து, எல்லாம் இங்கிலீஷ், அதுவும் படித்தவர்களே இரண்டுமுறை படிக்க வேண்டிய வளைவு எழுத்து. மாரிகுப்பம் ஸ்டேஷனில் ஒட்டினேன். பேக்கரியில் ஒட்டினேன். மறுநாள் பார்த்தபோது பேக்கரிக்காரர் அதன்மேல் 'எக் பப்ஸ் இல்லை' என்று சீட்டு ஒட்டியிருந்தார். நான் கலங்கவில்லை. கலங்குவதற்கு என் மூளையில் அப்போது இடமே இல்லை.

கச்சேரி அன்று மதியமே போய்விட்டேன். கல்லறைத் திருநாள் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்ததால் கடையில் நீளமான வெள்ளை மெழுகுவர்த்திகள் கட்டுக்கட்டாக மிஞ்சியிருந்தன. எல்லாவற்றையும் அள்ளி வந்திருந்தேன். பெஞ்சு ஓரங்களில், ஜன்னல் மாடங்களில், தூண்களின் அடியில் வைத்துக்கொண்டே வந்தேன். சாயங்காலம் காரில் நான்கு பேரும் வந்து இறங்கினார்கள். நான்கு பேரும் தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடை, அது அவர்கள் வழக்கம். மேடத்தின் செல்லோ கனமான கறுப்புப் பெட்டியில் இருந்தது. படியேற்றும்போது இடிபடக்கூடாது என்று வியோலாக்காரரும் ஒரு வயலின்காரரும் அதைப் படுக்கவைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கிக்கொண்டு மெல்ல நடந்தார்கள். எதிர்வரிசை வீட்டு வாசலில் வட்டமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றதைக் கவனித்தேன். 'ஆர்வம் வந்துவிட்டது' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

செல்லோவை எடுத்த பிறகு காலிப்பெட்டியை எங்கே வைப்பது? தரை ஈரம். பக்கத்து அறையில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு நீளமான மர ஸ்டாண்ட் இருந்தது. பெட்டிக்கு அளவெடுத்துச் செய்தது போல.

"அந்த ஸ்டாண்டா?" என்றார் கோயில்பிள்ளை.

"ஆமாண்ணா. நடுவுல போடுங்க, பலிபீடப் படிக்குக் கீழ. சூப்பரா இருக்கும்."

அவர் போட்டார். அதன்மேல் மூடிய பெட்டியை வைத்தோம். வெறுமையாக இருந்ததால் இரண்டு பக்கமும் உயரமான மெழுகுவர்த்திகளை வரிசையாக நிறுத்தினேன். தள்ளி நின்று போட்டோ எடுத்தேன். வீடியோக்களில் பார்ப்பதைவிட நன்றாக இருந்தது.

"மணி எப்படி அடிக்கணும்?" என்றார்.

"மெதுவாண்ணா. ஒண்ணு அடிச்சி, அது முழுசா அடங்கணும். அப்புறம் அடுத்தது. அப்படியே கொஞ்ச நேரம் அடிச்சிக்கிட்டே இருங்க."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "அப்டியா அடிக்கணும்? ஃபாதருக்குத் தெரியுமா?"

"மணி அடிப்போம்னு சொல்லியிருக்கேன்."

ஃபாதர் அப்போது ஊரின் மறுகோடியில், பாலகாட் பக்கம் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தார்.

"சரி, உன் இஷ்டம்" என்றார் கோயில்பிள்ளை.

ஆறு மணிக்கு அவ்வளவு பெரிய கோயிலில் ரசிகர்களாக இருந்தது ஒரே ஒரு ஆள், என் அம்மா. கல்யாணத்துக்குக் கட்டும் அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லி, கழுத்தில் இரண்டு வடச் சங்கிலி. முதல் பெஞ்சின் நடுவில் தனியாக மின்னிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ஊரே வரும்னே?"

"வரும்மா."

"நான் வந்துட்டேன். மீதி ஊரு எங்க?"

பலிபீடத்துக்குப் பக்கத்தில் மேடம் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். வியோலாக்காரர் வெறும் பெஞ்சுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, எதிர்பார்த்ததுதான் என்பது போலத் தன் வில்லுக்குப் பிசின்கட்டி தேய்த்தார். இவர்கள் கலைந்துபோகப்போவது இங்கேதான், என் ஊரில்தான், என் வாயால்தான்.

மணி அடிக்க ஆரம்பித்தது. ஒன்று. அடங்கி. மறுபடி ஒன்று.

அப்புறம் வந்தார்கள் பாருங்கள்! முதலில் இரண்டு மூன்று பேர். பிறகு கூட்டமாக. ஸ்கெலட்டன் லைன்களிலிருந்து, கீழ்த்தெருவிலிருந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்துகூட. வேட்டியை இறக்கிவிட்ட ஆண்கள், தலையில் முக்காடு இழுத்த பெண்கள், நெற்றியில் திருநீறோடு ஒரு குடும்பம், தோளில் துண்டோடு பென்ஷன்காரர்கள். வாசலில் செருப்பு மலை போலக் குவிந்தது. யாரும் பேசவில்லை. சத்தம் போடாமல் வந்து, பெண்கள் ஒரு பக்கம் ஆண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் பின்னால் நின்றார்கள். நான் தூணில் சாய்ந்துகொண்டேன். வளைவு எழுத்துப் போஸ்டரின் சக்தியை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

முதல் உருப்படியை வாசித்தார்கள். அப்படி ஒரு அமைதியை நான் எந்தக் கச்சேரியிலும் கண்டதில்லை. இருமல்கூடத் துண்டால் பொத்தி வந்தது. வேகமான பகுதி முடிந்தது, ஒருவர்கூடக் கை தட்டவில்லை. மெதுவான பகுதி முடிந்தது, அப்போதும் இல்லை. பகுதிகளுக்கு நடுவில் கை தட்டக்கூடாது என்பது இந்த இசையில் ஒரு மரியாதை. பெங்களூரில் காசு கொடுத்து வருகிறவர்களுக்கே அது தெரியாது. மேடம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் இன்னொரு போஸ்டர்கூட அடிப்பேன். மூன்றாம் வரிசையில் இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வியோலாக்காரர் இமைக்காமல் அவர்களையே பார்த்தபடி வாசித்தார்.

ஒரே ஒரு உறுத்தல். பெண்கள் எல்லாம் என் அம்மாவை முறைத்துக்கொண்டே இருந்தார்கள். என் காதுபடவே ஒரு பாட்டியம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்: "பட்டுப் பொடவ கட்டினு வந்துகிது பாரு. ஒரு ஈவு எரக்கம் கீதா?"

அம்மாவின் நகைமேல் பொறாமை என்று முடிவு செய்தேன்.

உருப்படி முழுவதும் முடிந்தது. அப்போதும் கைத்தட்டல் இல்லை. ஒரு பெரியவர் எழுந்தார். கையில் ரோஜாமாலை. நடுவழியில் மெல்ல நடந்து வந்து, செல்லோ பெட்டியின் மேல் மாலையை வைத்து, நெஞ்சில் கைவைத்து நின்றுவிட்டுப் போனார். பின்னாலேயே இன்னொருவர். அப்புறம் ஒரு பெண் சம்பங்கி மாலையோடு வந்தாள்.

மேடம் வில்லை மடியில் வைத்துவிட்டுக் கண்ணால் என்னைக் கூப்பிட்டார். "இது என்ன?"

ஆயுத பூஜைக்கு எங்கள் ஃபேக்டரியில் லேத் மெஷினுக்கும் கிரேனுக்கும் மாலை போட்டு, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருவது அது. கொஞ்சம்கூட யோசிக்காமல் விளக்கினேன். "எங்க ஊர்ல கருவிய சாமியா கும்பிடுவாங்க மேடம். உங்க செல்லோவுக்கு மரியாதை பண்றாங்க."

வியோலாக்காரர் என் பக்கம் குனிந்தார். "ஆனா செல்லோ இவங்க கையில இருக்கே. பெட்டிக்கு ஏன் போடுறாங்க?"

"வாசிக்கும்போது தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு" என்றேன். சொன்னேனே, என்னிடம் எப்போதும் பதில் இருக்கும்.

மேடம் எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். கூட்டமும் எழுந்து, மிகவும் துக்கத்தோடு, கைகூப்பியது. இடைவேளை என்று அறிவிக்க நான் வாய் திறப்பதற்குள் பக்கவாட்டுக் கதவு வழியாக ஒரு அக்கா பெரிய டீ கேனையும் பை நிறைய பன்னையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்கெலட்டனில் குடியிருப்பவர், நாற்பதைத் தாண்டியவர். நேராக என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இன்னா பாப்பா, பாடி எந்தூரு?"

"என்னக்கா?"

"பாடி. பெங்களூர்ல இருந்து கொண்டாந்தாங்கன்னு சொன்னாங்கோ. அந்தக் கறுப்பு டிரஸ்ஸுங்கதான் சொந்தக்காரங்களா? அழுவக்கூட இல்லாம வாசிச்சினே கிறாங்களே, பாவம். ஒரு வாய் டீத்தண்ணி குடிச்சாங்களா? துக்க வூட்ல அடுப்பு எரியாதுன்னு நான்தான் போட்டு எட்த்தாந்தேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். கறுப்புத் துணி போர்த்திய சவப்பெட்டி ஸ்டாண்ட். ஆளுயரக் கறுப்புப் பெட்டி. இரண்டு பக்கமும் வரிசையாக மெழுகுவர்த்திகள், அதுவும் கல்லறைத் திருநாள் மெழுகுவர்த்திகள். மாலைகள். எல்லாவற்றையும் நானே என் கையால் எடுத்து வைத்திருந்தேன்.

"யாரும் சாகலக்கா."

"இன்னாது?"

"இது கச்சேரி."

"அப்ப பொட்டில இன்னா கீது?"

"ஒண்ணுமில்ல. காலிப் பெட்டி."

"காலிப் பொட்டிக்கா எல்லாம் மால போட்டாங்கோ?" அவர் டீ கேனைக் கீழே வைத்தார். "அப்ப மணி? மணி அடிச்சிதே?"

"நான்தான் அடிக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

"நல்லா இருக்கும்னு."

என் வாழ்க்கையில் நான் செய்த அத்தனை காரியங்களுக்கும் காரணம் அதுதான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லும்போது அவ்வளவு கேவலமாக அதுவரை ஒலித்ததில்லை.

"நீ ஃபேக்டரி ஆளா?"

தலையசைத்தேன்.

"அதான" என்றார். "மைன்ஸ் ஓடினு இருந்தப்ப இந்த மணி இப்டி அடிச்சா ஷாஃப்ட்ல யாருக்கோ ஆயிப்போச்சின்னு அர்த்தம். உங்க சாமி, எங்க சாமின்னு பாக்க மாட்டோம். அடுப்ப அணைச்சிட்டு ஓடியாருவோம். இப்பவும் சாவுக்கு இதான் மணி."

அதற்குள் பக்கத்து பெஞ்சு அதைக் கேட்டுவிட்டது. சேதி பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனதை நான் கண்ணால் பார்த்தேன், காற்றடித்த சோளக்காடு மாதிரி தலைகள் வரிசையாகத் திரும்பின.

"சாவே இல்லியாமே!"

"அப்ப அந்த அம்மா பட்டு கட்டினு வந்தது கரெக்டுதான்."

"தெரிஞ்சிருந்தா நானும் நல்ல பொடவையா கட்டினு வந்திருப்பேன்."

மாலை போட்ட பெரியவர் தன் மாலையை எடுக்க முன்னால் வந்தார். இன்னொருவர் தடுத்தார். "சாவு மாலைய திருப்பி எடுக்கலாமாயா?"

"சாவுதான் இல்லியே. அப்ப இது சும்மா மாலைதான? வூட்ல சாமி படத்துக்குப் போட்டுக்கிறேன்."

"சாவுன்னு நெனச்சிதான வாங்கின? சாமிக்கு எப்படி ஆவும்?"

இருவர் பின்னாலும் கட்சி சேர்ந்தது. மேடம் ஆவலோடு என்னிடம் கேட்டார். "மியூசிக்கைப் பத்திதானே பேசுறாங்க?"

"ரொம்ப சீரியஸா பேசிக்கிறாங்க மேடம்" என்றேன். அதில் பொய் இல்லை.

அப்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஃபாதர் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார், கையில் சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் மந்திரித்த எண்ணெய்ச் சிமிழ். "யாரு? யாரு போயிட்டாங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" பெட்டியைப் பார்த்தார், மெழுகுவர்த்திகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியாகக் கோயில்பிள்ளையைப் பார்த்தார்.

"கொயந்தையக் கேட்டேன் ஃபாதர். இப்டித்தான் வேணும்னு சொல்ச்சு" என்றார் கோயில்பிள்ளை.

வாசல் பக்கம் செருப்புத் தேடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சிலர் முனகிக்கொண்டே கிளம்பினார்கள். ஒரு கடைக்காரர் போகிற போக்கில், "இதுக்குப்போய் கடைய சாத்திட்டு வந்தேன்" என்று என் காதில் போட்டுவிட்டுப் போனார். மேடத்தின் முகத்தில் சிரிப்பு மெல்ல அணைந்தது. வியோலாக்காரர் தன் வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கக் குனிந்தார். இன்னும் பாதிக் கச்சேரி இருந்தது. ஹோட்டலில்கூட இப்படி எழுந்து போகமாட்டார்கள், அங்கே சாப்பாடாவது இருக்கும்.

ஃபாதர் கூட்டத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார். டீ அக்கா முந்திக்கொண்டார்.

"ஃபாதர், ஒரு நிமிஷம். மணி அடிச்சாச்சு. அது யாருக்குன்னு ஒண்ணு இருக்கணுமில்ல?"

"யாருக்கும் இல்லம்மா. தெரியாம நடந்துபோச்சு."

"அப்ப நான் எடுத்துக்கிறேன்."

ஃபாதருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"எங்க வூட்டுக்காரரு கொரோனாவுல போனாரு. மணி அடிக்கல. கூட்டம் சேரக்கூடாதுன்னு சொல்ட்டாங்கோ. பிளாஸ்டிக் டிரஸ்ஸு போட்டுனு வந்து எட்த்துனு போனாங்கோ, மொகத்தக்கூட காட்டல. யாரும் மால போடல. ஒர்த்தர் வூட்டு டீகூட வரல." அவர் குரல் ஏறவுமில்லை, உடையவுமில்லை. பஸ் தகராறு சொல்வது போலத்தான் சொன்னார். "இப்ப மணி அடிச்சிகிது. இத்தினி பேரு வந்துகிறாங்க. மால கீது, டீ நானே போட்டாச்சு. இத அவருக்குன்னு வெச்சிக்கிறேன். உங்களுக்கு எதுனா நஷ்டமா?"

ஃபாதர் சிமிழை ஜிப்பா பைக்குள் போட்டார். "ஒரு நஷ்டமும் இல்ல" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "மீதியையும் வாசிக்கச் சொல்லு."

மாலைச் சண்டை அதோடு நின்றது. பெரியவர் எடுத்த மாலையைத் திரும்பப் பெட்டிமேல் வைத்தார். செருப்பு போட்டவர்களில் சிலர் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் அல்ல. சீரியல் நேரம், கடைசி பஸ், கடை என்று கிட்டத்தட்டப் பாதி கோயில் காலியானது. மேடத்திடம் நான் ஒரே ஒரு வரிதான் சொன்னேன்: "அந்த அக்காவோட புருஷனுக்காக வாசிக்கணுமாம்." அவர் வில்லைக் கையில் எடுத்தார். வியோலாக்காரர் வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து மறுபடி எடுத்தார்.

அக்கா முதல் பெஞ்சுக்கு வந்து என் அம்மாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா தலையிலிருந்த மல்லியில் ஒரு முழம் கிள்ளி அவரிடம் நீட்டினாள். நான் விதவைக்குப் பூவா என்று பதறினேன். அக்கா சாதாரணமாக வாங்கினார், எழுந்துபோய்ப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வந்தார். அப்புறம் இருவரும் பன்னைப் பிய்த்து டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். கண்ணியமான சபையில் இதையெல்லாம் செய்யக்கூடாது. அன்று எனக்குச் சபை விதிகள் பேசும் அருகதை இல்லை.

கடைசி உருப்படி நீளமானது, மெதுவானது. நான் ரயிலில் நூறுமுறை கேட்டுவிட்டு, எல்லோருக்கும் விளக்கம் சொல்லித் தொல்லை கொடுத்தது. அன்று அதில் எனக்கு விளக்கம் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. அக்கா அழவில்லை. கேட்டார், அவ்வளவுதான். ஒரு கையில் காலி டம்ளர், பார்வை பெட்டிமேல். மெழுகுவர்த்திகள் பாதிக்குமேல் எரிந்திருந்தன. பின்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார். பக்கத்தில் இருந்தவர் எழுப்பவில்லை.

முடிந்ததும் வெளிப் படிக்கட்டில் நான்கு பேரையும் உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். மணி, ஸ்டாண்ட், மெழுகுவர்த்தி, ஆயுத பூஜை என்று நான் அளந்தது, எல்லாம். மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். வியோலாக்காரர் அசையாமல் இருந்தார். திடீரென்று தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துச் சிரித்துப் படியிலேயே சாய்ந்துவிட்டார்.

"நம்ம டிரஸ்ஸைப் பார்த்து…" என்று ஆரம்பிப்பார், முடிக்க முடியாது.

அக்கா மிச்ச டீயை அவர்களுக்கு ஊற்றிக்கொடுக்க வந்தார். மேடம் என்னிடம், "இவங்களுக்குப் பிடிச்சிருந்ததான்னு கேளு" என்றார். கேட்டேன்.

"ரொம்ப நீட்டு" என்றார் அக்கா. "ஆனா மூக்கச் சிந்தக்கூட பயமா இருந்துச்சு, எங்க அது நின்னுடுமோன்னு."

அப்படியே மொழிபெயர்த்தேன். வியோலாக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, டீயை முழுவதும் குடித்து, டம்ளரை அக்காவிடம் கொடுத்தார். வாசலில் மிச்சமிருந்த செருப்புகளைக் காட்டி மேடத்திடம் சொன்னார்: "ஹோட்டல்ல நமக்காக யாரும் செருப்பு கழட்டினதில்ல. நான் இருக்கேன். ஆனா இங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது வரணும்."

அதனால் குழு கலையவில்லை. இதோ மறுபடி கல்லறைத் திருநாள் வருகிறது, நான் போஸ்டர் செய்துகொண்டிருக்கிறேன். இந்த முறை தமிழில், நேர் எழுத்தில். ஃபாதர் போட்ட நிபந்தனைகள்: கதீட்ரல் என்று போடக்கூடாது, ஸ்டாண்ட் பக்கத்து அறையை விட்டு வெளியே வரக்கூடாது, தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்று இருக்க வேண்டும்.

எல்லாம் போட்டுவிட்டேன். ஆனால் நேற்று டீ அக்கா ஸ்டேஷனில் என்னைப் பிடித்துக்கொண்டார். கொரோனா வருஷத்தில் மணி இல்லாமல் போனவர்கள் அவர் லைனில் இன்னும் சிலர் உண்டாம். அக்காவின் எதிர்வீட்டுக்காரியுடைய அண்ணன் அவர்களில் ஒருவர். கோயில்பிள்ளையிடம் பேசியாகிவிட்டதாம், நான் ஃபாதரிடம் சொன்னால் போதுமாம். "மணி மட்டும் அடிச்சிடு பாப்பா. மத்தத நாங்கோ பாத்துக்கிறோம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றவள் கேட்டாள்:

"அப்ப நான் பட்டு கட்டலாமா, கூடாதா?"

"டீ அக்காவைக் கேட்டுச் சொல்றேம்மா" என்றேன். ஒருவரைக் கேட்டுச் சொல்வதாக நான் சொன்னது அதுதான் முதல்முறை.